எஸ்2000: இன்ஜின் பெருசாச்சு, சக்தி ஏன் குறைஞ்சது? ரெட்லைன் ஏன் இறங்குச்சு?

அரைக்கிளட்ச்
ரொம்ப நாளா மண்டையைக் குடையுற கேள்வி இது. ஹோண்டா எஸ்2000-ல ரெண்டு இன்ஜின். 1999-ல வந்த முதல் வகை ஏபி1-ல எஃப்20சி இன்ஜின்: 1,997 சிசி, ஜப்பான் வண்டிக்கு 8,300 ஆர்பிஎம்-ல (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) 250 பிஎஸ் சக்தி, ரெட்லைன் (இன்ஜின் சுத்தலாம்னு வச்ச உச்ச வரம்பு) 9,000. பின்னாடி வந்த ஏபி2-ல எஃப்22சி: 2,157 சிசி, 7,800-ல 242 பிஎஸ், ரெட்லைன் 8,000.

160 சிசி கூடியிருக்கு, 8 பிஎஸ் குறைஞ்சிருக்கு, மேல ஆயிரம் சுத்து காணாமப் போயிருக்கு. ஒரே பெயர், பார்த்தா ஒரே வண்டி. இதை முன்னேற்றம்னு எந்தக் கணக்குல சொல்றது? ரெண்டுல ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், அதான் கேக்கறேன். "ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணு"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது எனக்கும் தெரியும்.

ஒன்பதாயிரம்
இதுல யோசிக்க ஒண்ணும் இல்ல. ஏபி1 வாங்கு. டர்போ இல்லாம லிட்டருக்கு 125 பிஎஸ் எடுத்த இன்ஜின் அது. சாலையில ஓடுற வண்டிகள்ல அந்தக் கணக்கை மிஞ்ச ஃபெராரி 458 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இன்ஜினை எடுத்து ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) இழுத்து, ரெட்லைனை வெட்டி, சாதுவாக்கிட்டாங்க. அவ்வளவுதான் கதை.

தசமப்புள்ளி
கதைக்குப் போவதற்கு முன்னால் எண்களைச் சரிசெய்துகொள்வோம். இரண்டும் குதிரைசக்தி அளவுகள்தான் என்றாலும், பிஎஸ் வேறு, எச்பி வேறு. 1 எச்பி என்பது ஏறத்தாழ 1.014 பிஎஸ். சிறிய வித்தியாசம்தான், ஆனால் இந்த வண்டியைப் பற்றிய பாதிச் சண்டை அதில்தான் ஓடுகிறது.

ஜப்பானிய ஏபி1-க்கு 250 பிஎஸ். அமெரிக்க ஏபி1-க்கு 240 எச்பி, அதாவது 243 பிஎஸ். ஐரோப்பிய வண்டிக்கு 240 பிஎஸ், அதாவது 237 எச்பி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் "240" என்றே அச்சடித்தார்கள், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஜப்பானிய இன்ஜினுக்கு அமுக்க விகிதம் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்பது) 11.7, அமெரிக்க இன்ஜினுக்கு 11.0. அங்கேதான் உண்மையான வித்தியாசம், அதுவும் 7 பிஎஸ் அளவுக்குத்தான்.

இப்போது 2.2 லிட்டருக்கு, அதாவது எஃப்22சிக்கு, வாருங்கள். அமெரிக்காவில் 2004-இல் அது வந்தபோது 7,800-இல் 240 எச்பி என்றார்கள். அதாவது அமெரிக்க வாசகர் பார்வையில் சக்தி குறையவே இல்லை, அதே 240. பிறகு எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) அளவீட்டு விதிகள் திருத்தப்பட்டதும் 2006 மாடலுக்கு அதே இன்ஜினை 237 எச்பி என்று எழுதினார்கள். இன்ஜின் இளைத்துவிடவில்லை, அளவுகோல்தான் மாறியது.

ஆகவே "8 பிஎஸ் போச்சு" என்ற புலம்பல் ஜப்பானியப் பட்டியலை வைத்துப் பார்த்தால் மட்டுமே பொருந்தும். அங்கும் அமுக்க விகிதம் 11.7-இலிருந்து 11.1-க்கு இறங்கியது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. "2004-க்குப் பிறகு எல்லாமே 2.2" என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. ஜப்பானில் 2005 நவம்பரில்தான் 2.2 வந்தது. ஐரோப்பாவுக்கு 2.2 போகவே இல்லை. 2009-இல் உற்பத்தி நிற்கும்வரை அங்கே 2.0 லிட்டர், 9,000 சுற்றுதான்.

அரைக்கிளட்ச்
சரி சார், 8 பிஎஸ் வாபஸ். ஆனா ரெட்லைன் ஆயிரம் இறங்கினது யூனிட் குழப்பம் இல்லையே? அது ஏன்?

பழைய_இரும்பு
தம்பி, இதுக்கு ஸ்ட்ரோக்கைப் பாரு. வேற எதையும் பார்க்க வேணாம்.

ரெண்டு இன்ஜினுக்கும் போர், அதாவது சிலிண்டரோட அகலம், 87 மில்லிமீட்டர். ஒரு நூல் மாறலை. ஸ்ட்ரோக் மட்டும் 84-லேர்ந்து 90.7 ஆச்சு. அதாவது சிலிண்டரை அகலமாக்கலை, பிஸ்டன் நடக்குற தூரத்தை நீட்டினாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் ஒரு தடவை மேல, ஒரு தடவை கீழ போயாகணும். 9,000 ஆர்பிஎம்-ல எஃப்20சி பிஸ்டனோட சராசரி வேகம் வினாடிக்கு 25.2 மீட்டர். அதே 9,000-ல நீள ஸ்ட்ரோக் இன்ஜினைச் சுத்தவிட்டா 27.2 மீட்டர். 8,000-ல நிறுத்தினா 24.2.

ஆயிரக்கணக்குல வித்து, உத்தரவாதமும் குடுக்குற ஒரு சாலை வண்டிக்கு 25 மீட்டர்ங்கறதே மலை உச்சி மாதிரி. 27-ங்கறது பந்தய ஆளுங்க ஊரு. அங்க இன்ஜினை மணிக்கணக்கு பார்த்துப் பிரிப்பாங்க.

இன்னொரு விஷயம், பிரிச்சவனுக்குத்தான் தெரியும். ரெண்டு இன்ஜினுக்கும் பிளாக் உயரம் ஒண்ணு. ஸ்ட்ரோக்கை நீட்டினா கிராங்க்கோட (பிஸ்டன் சுத்திவிடுற தண்டு) கை 42-லேர்ந்து 45.35 ஆகுது. அந்த 3.35 மில்லிமீட்டரை எங்கயாவது கழிக்கணும் இல்லையா? பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கிற கனெக்டிங் ராட்ல கழிச்சாங்க. 153-ஆ இருந்த ராட் 149.65 ஆச்சு. கூட்டிப் பாரு: 42 + 153 = 195. 45.35 + 149.65 = 195. அச்சு பிசகலை. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டப்போ கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாயிரம்
இரும்பு அண்ணே, உங்க கணக்கை வச்சே கேக்கறேன். 25.2 தாங்குற இன்ஜினைப் பண்ணத் தெரிஞ்ச ஹோண்டா, 2.2-ல ஏன் 24.2-ல நின்னான்? அதே 25.2 வரைக்கும் விட்டா 8,300 வருமே. இன்டெக்ரா டைப் ஆர்-ல 87.2 ஸ்ட்ரோக்கை வச்சுக்கிட்டே 8,400 வரைக்கும் சுத்தவிட்டவன்தானே? அது 24.4 மீட்டர். ஆக, பயந்துட்டான்னுதான் தோணுது.

பழைய_இரும்பு
நல்ல கேள்வி. பெட்ரோலை வெட்டுற இடம் 8,200 தம்பி, 8,000 இல்ல. அது 24.8 வருது. ஆக நீ சொல்ற அளவு பயம் இல்ல.

ஆனா சராசரி வேகம்ங்கறது பாதிக் கதைதான். இரும்பை உடைக்கிறது வேகம் இல்ல, வேகம் மாறுறது. 9,000 ஆர்பிஎம்-னா வினாடிக்கு 150 சுத்து. ஒவ்வொரு பிஸ்டனும் வினாடிக்கு 300 தடவை முழுசா நின்னு திரும்புது. மேல்முனையில நின்னு திரும்புற அந்த நொடியிலதான் ராட் போல்ட் கதறும். அந்த இழுப்பு ஆர்பிஎம்-மோட வர்க்கத்துக்கு ஏறும், ஸ்ட்ரோக்குக்கு நேரா ஏறும், ராட் குட்டையானா இன்னும் கொஞ்சம் ஏறும்.

எஃப்20சி 9,000-ல: புவியீர்ப்பு மாதிரி ஏறத்தாழ 4,800 மடங்கு. எஃப்22சி 8,000-ல: 4,200. அதையே 9,000-க்கு விட்டா: 5,300-க்கு மேல. பிஸ்டன், பின், ரிங் எல்லாம் சேர்த்து 400 கிராம்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ. எஃப்20சி ராட்ல தொங்குற பாரம் 1,900 கிலோவைத் தாண்டும். வண்டி எடையே 1,250 கிலோ சுமார்தான். வினாடிக்கு 150 தடவை முழு வண்டியையும் அதுக்கு மேல பாதியையும் ஒரு ராட்ல தொங்கவிட்டுத் திரும்ப இறக்குற மாதிரி.

அதனால 2.2-ல ராட்டுக்குக் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. பயம்னு நீ சொல்லு, நான் புத்தின்னு சொல்றேன்.

சாய்வு_வளைவு
எல்லாரும் 9,000-ல நின்னுக்கிட்டே பேசறீங்க. நான் ஏபி2 வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி தோழியோட ஏபி1-ஐ ஒரு வருஷத்துக்கும் மேல அடிக்கடி ஓட்டியிருக்கேன். ஒரு பகல்ல எத்தனை நிமிஷம் 8,000-க்கு மேல இருந்தேன்னு யாராவது அளந்து காட்டினா எனக்கே வெட்கமா இருக்கும். அவ்வளவு கம்மி.

ஹோண்டா ஸ்ட்ரோக்கை நீட்டினதே நடு சுத்துல டார்க் (சுழற்றுற விசை) வேணும்னுதான். அமெரிக்க எண்ணை வச்சு ஏபி1-க்கு 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500-ல. ஏபி2-க்கு 220, ஆயிரம் ஆர்பிஎம் சுமாருக்குக் கீழேயே. எண்ணுல 12தான் கூட. ஆனா அதோட கியரையும் மாத்தினாங்க, அதை யாரும் சொல்லவே இல்லையே? முதல் நாலு கியரும் 4 சதவீதம் குட்டை. டார்க் 6 சதவீதம், கியர் 4 சதவீதம், ரெண்டும் சேர்ந்து சக்கரத்துல 10 சதவீதம் அதிகம். வளைவு முடிஞ்சு வெளியே வரும்போது 4,500-ல ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஏபி1 "கொஞ்சம் பொறு"ங்கும், ஏபி2 கிளம்பிடும்.

இதுக்குப் பேரு சாதுவாக்கிறதுன்னா, சரி, எனக்குச் சாது வண்டியே போதும்.

அரைக்கிளட்ச்
அப்போ அக்கா சொல்றபடி ஏபி2தான் வேகமா?

தசமப்புள்ளி
அவசரப்படாதீர்கள். அவர் சொன்ன 10 சதவீதம் சரி. ஆனால் ஒரே கியரில் இருக்கும்போது மட்டுமே சரி. ரெட்லைனின் உண்மையான பயன் சக்தியில் இல்லை, எந்தக் கியரில் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது என்பதில் இருக்கிறது.

இரண்டாம் கியரை எடுத்துக்கொள்வோம். ஏபி1-இல் கியர் விகிதம் 2.045, அதன்பின் வரும் குறைப்புக் கியர் 1.16, கடைசியில் பின் அச்சில் 4.1. மூன்றையும் பெருக்கினால் 9.73. பின் டயர் 225/50, 16 அங்குலம். 9,000-இல் வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர் வரும். ஏபி2-இல் நடுவிலுள்ள 1.16 என்பது 1.208 ஆனது. பெருக்கினால் 10.13. டயர் 245/40, 17 அங்குலம், உயரம் கிட்டத்தட்ட அதேதான். 8,000-இல் 94 கிலோமீட்டர், 8,200 வரை இழுத்தால் 96.

ஆக, 96-இலிருந்து 110 வரையிலான இடைவெளியில் ஏபி1 இன்னும் இரண்டாம் கியரில் கத்திக்கொண்டிருக்கும், ஏபி2 மூன்றாவதுக்கு மாறியிருக்கும். சரியாக 100-இல் இரண்டையும் நிறுத்திப் பார்ப்போம். ஏபி1 சுமார் 8,200 ஆர்பிஎம்-இல் 206 நியூட்டன் மீட்டர் தருகிறது. அமெரிக்க இன்ஜினின் 240 எச்பியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டது இது. சக்கரத்துக்குப் போவது ஏறத்தாழ 2,000 நியூட்டன் மீட்டர். ஏபி2 மூன்றாவதில் 6,200 ஆர்பிஎம். அதன் உச்ச டார்க்கான 220 முழுவதும் அங்கேயே கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் சக்கரத்துக்கு 1,610 தான். ஏபி1 கால் பங்குக்கு நெருக்கமாக முன்னே நிற்கிறது.

80-இல் அளந்தால் இருவரும் இரண்டாம் கியரில், ஏபி2 முன்னே. 100-இல் ஏபி1 முன்னே. 115-இல் இருவரும் மூன்றாவதில், மறுபடி ஏபி2. எந்த வண்டி வேகம் என்று கேட்டால், எந்தக் கிலோமீட்டரில் என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

ஒன்பதாயிரம்
கால் பங்கு!! படிச்சாச்சா எல்லாரும்?

சாய்வு_வளைவு
80-க்கும் 115-க்கும் சொன்னதையும் படிச்சாச்சா?

ஒன்பதாயிரம்
சரி சரி. ஆனா கியர் மாத்தின பிறகு எங்க வந்து விழுதுன்னும் பாருங்க. விடெக்னு ஹோண்டா வச்சிருக்கிற ஏற்பாடு, வால்வை அதிகமாத் திறக்குற பெரிய கேமுக்கு மாறுற இடம் 6,000 சுமார். ஏபி1-ல ரெண்டுலேர்ந்து மூணு போட்டா 9,000-லேர்ந்து 6,500-க்கு வரும். பெரிய கேம் இன்னும் பிடிச்சிருக்கும், சத்தம் கூட மாறாது. ஏபி2-ல 8,000-ல மாத்தினா 5,800. கேம் விட்டுப் போயிடுச்சு! ஒரு நொடி தொய்ஞ்சு, அப்புறம் மறுபடி ஏறணும். 9,000-ங்கறது பெருமைக்கு வச்சதில்ல. 8,300-ல உச்ச சக்தி முடிஞ்ச பிறகும் 700 சுத்து விட்டு வச்சது எதுக்கு? அடுத்த கியர் சரியான இடத்துல வந்து உட்காரணும்னுதான்.

சாய்வு_வளைவு
இது நல்ல பாயிண்ட், ஒத்துக்கறேன். 8,200 வரைக்கும் பிடிச்சு வச்சா 5,900 சொச்சத்துல விழும், தொய்வு அவ்வளவா தெரியாது. ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்ரோலை வெட்டுற லிமிட்டர்ல முட்டி ஓட்ட எனக்கு மனசு வராது. தவிர சின்ன கேம்லயே ஏபி2-க்கு டார்க் இருக்கு. ஏபி1-ல கேம் விட்டுப் போனா விழுற பள்ளம் இதைவிட ஆழம். ஒண்ணுலேர்ந்து ரெண்டு போடும்போது உங்க வண்டியும் 5,900-க்குக் கீழதானே வருது? அதை ஏன் சொல்லலை?

ஒன்பதாயிரம்
ஒண்ணுலேர்ந்து ரெண்டு யாரு கணக்கு பண்றா :)

கழுகுக்கண்
குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். கம்ப்யூட்டர்ல லிமிட்டரைத் தூக்கிட்டா 2.2-ஐயும் 9,000 வரைக்கும் விடலாமே? டார்க்கும் கிடைக்கும், சுத்தும் கிடைக்கும். ராட் மட்டும் நல்லதா மாத்தினா போதாதா?

பழைய_இரும்பு
போதாது. முதல்ல, 7,800-க்கு மேல அந்த இன்ஜின் சக்தி இறங்க ஆரம்பிக்குது. சிலிண்டர் தலைக்குள்ள (வால்வு இருக்குற மேல்பகுதி) போற காத்துக்கு ஒரு அளவு இருக்கு. சிலிண்டர் 8 சதவீதம் பெருசானா அந்த அளவு முன்னாடியே வந்து முட்டும். எஃப்20சி 8,300-ல தொடுற உச்சத்தை எஃப்22சி 7,800-லயே தொடுறதுக்குக் காரணமும் அதுதான். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காத்தைக் குடிக்குது, ஒருத்தன் சின்ன டம்ளர்ல வேகமா, இன்னொருத்தன் பெரிய டம்ளர்ல நிதானமா. வயிறு ஒண்ணுதான்.

அரைக்கிளட்ச் தம்பி, உன் முதல் கேள்விக்கும் இதுதான் பதில். இன்ஜின் பெருசாச்சு, சக்தி ஏன் கூடலை? உச்ச சக்தியை முடிவு பண்றது காத்து. அது கூடலை. அந்தச் சக்தி கிடைக்கிற இடம்தான் கீழ இறங்கி வந்தது.

கழுகு, நீ கேக்கற மாதிரி 9,000-க்கு விட்டா கடைசி ஆயிரம் சுத்துல கிடைக்கிறது சத்தம்தான். கேமும் தலையும் மாத்தினா வேற பேச்சு, அப்போ அது வேற இன்ஜின்.

தசமப்புள்ளி
டம்ளர் உவமை அருமை. எண்ணிலும் சரிவருகிறது: 1,997-ஐ 8,300-ஆலும், 2,157-ஐ 7,800-ஆலும் பெருக்கிப் பாருங்கள். வித்தியாசம் 2 சதவீதத்துக்கும் குறைவு.

கழுகுக்கண்
அப்போ போர்ஷே 911 ஜிடி3 மட்டும் எப்படி 4 லிட்டரை 9,000-க்குச் சுத்துது?

பழைய_இரும்பு
ஆறு சிலிண்டர். 102 மில்லிமீட்டர் போர், 81.5 ஸ்ட்ரோக். அகலமும் குட்டையும். பிஸ்டன் வேகம் 24.5 வரும், எஃப்20சியைவிடக் கம்மி. லிட்டரைப் பார்க்காதே, ஸ்ட்ரோக்கைப் பாருன்னு இதுக்குத்தான் ஆரம்பத்துலயே சொன்னேன்.

அரைக்கிளட்ச்
இப்போ புரியுது. ரொம்ப நன்றி எல்லாருக்கும். நிஜமாச் சொன்னா, அக்கா சொன்னதைப் படிச்சப்போ ஏபி2 பக்கம் சாய்ஞ்சேன். ஆனா நேத்து ஒரு 2003 ஏபி1 பார்த்தேன். உரிமையாளர் என்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஒரே ஒரு தடவை ரெண்டாம் கியர்ல கடைசி வரைக்கும் போனாரு. அந்த டிஜிட்டல் மீட்டர் பட்டை வளைஞ்சு போய் 9-ஐத் தொட்டதைப் பார்த்த பிறகு 80-ல யாரு முன்னாடின்னெல்லாம் யோசிக்கத் தோணலை. சாரி அக்கா.

சாய்வு_வளைவு
சாரி எதுக்கு. அந்தப் பட்டையைப் பார்த்தா நானும் அப்படித்தான் முடிவு எடுத்திருப்பேன். கீழ டார்க் இல்லைன்னு பிறகு என்கிட்ட வந்து அழாதே, அவ்வளவுதான்.

பழைய_இரும்பு
தம்பி, காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. லிமிட்டர் ஆக்சிலரேட்டரைத்தான் தடுக்கும், கையைத் தடுக்காது. 130-ல மூணுலேர்ந்து நாலு போடப் போய் கை இடது பக்கம் நழுவி ரெண்டுல விழுந்தா, இன்ஜின் 10,600-க்குப் போகும். பெட்ரோலை வெட்டி ஒரு புண்ணியமும் இல்ல, சக்கரமே இன்ஜினைச் சுத்தும். ஏபி1-ல அப்படி ஆனா முதல்ல விரிசல் விடுறது வால்வு ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற ரிடெய்னர். உடனே உடையாது. விரிசலோட மாசக்கணக்குல ஓடும், அப்புறம் ஒருநாள் வால்வு சிலிண்டருக்குள்ள விழும். பிறகு வந்த 2.2-ல இன்னும் வலுவான ரிடெய்னர் போட்டாங்க, அதையே ஏபி1-லயும் மாட்டிக்கலாம்.

வால்வு கவரைக் கழட்டி, டார்ச் அடிச்சு, பதினாறையும் ஒண்ணொண்ணா பாரு. அதோட 2000, 2001 வண்டின்னா பிஸ்டனுக்கு அடியில எண்ணெய் பீச்சுற போல்ட்ல ரெண்டு ஓட்டைதான் இருக்கும், பிறகு வந்ததுல நாலு. உன்னோடது 2003, அந்தக் கவலை இல்ல.

அரைக்கிளட்ச்
உரிமையாளர் "ஒரு தடவை கூட கியர் தப்பினதில்ல"ன்னு சொன்னாரு அண்ணே.

பழைய_இரும்பு
எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கவரைக் கழட்டு.

அரைக்கிளட்ச்
சனிக்கிழமை கழட்டிப் பார்த்தோம். பதினாறுல பதினஞ்சு சுத்தம். மூணாவது சிலிண்டர் இன்டேக்ல ஒண்ணுல மயிரிழை மாதிரி ஒரு கோடு. உரிமையாளர் முகம் வெளுத்துப் போச்சு, அவர் வாங்கறதுக்கு முன்னாடியே ஆனதா இருக்கலாம்னாரு, நம்பறேன். விலையைக் குறைச்சுக்கிட்டாரு. ஏபி2 ரிடெய்னர் பதினாறும் வாங்கியாச்சு. மாட்டற வரைக்கும் 6,000-ஐத் தாண்டக் கூடாதுன்னு முடிவு. 9,000-க்காக வாங்கின வண்டி, விடெக் வர்ற இடத்துக்கே போகாம நிக்குது.

சாய்வு_வளைவு
6,000-க்குக் கீழயேன்னா, ஏபி2 வாங்கியிருக்கலாமே :)